காபி பறித்தால் போதுமா?

பெரும்பாறைக் காபித் தோட்டத்துப் பிள்ளைக்கு செல் உயிரியலில் முனைவர் பட்டம், அதற்கும் மேலே போஸ்ட்டாக் என்ற முனைவருக்குப் பிந்தைய ஆய்வுப் பணி எதற்கு, காபியையும் மிளகையும் பார்க்கட்டும் என்கிறார்கள். சரி, காபியையே பார்ப்போம். அந்தச் செடி கஃபீனை எப்படி உண்டாக்குகிறது? சாந்தோசின் என்ற மூலப்பொருளில் தொடங்கி, மூன்று மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து. குடித்தவரின் கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி அவற்றைக் கழற்றத் தொடங்குகிறது. செல் உயிரியலில் வளர்சிதை மாற்ற ஆய்வு என்றால் இதுதான். இது தோட்டத்துக்கு அந்நியமா? தாண்டிக்குடியில் காபி வாரியம் ஆராய்ச்சி நிலையம் நடத்துவது அழகுக்கா?

‘முனைவரான பிறகும் எடுபிடி வேலை’ என்பது அடுத்த கேலி. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவரானவர். உயிரியலுக்குத் தாவி, யேல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்த பிறகே செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் கைவைத்தார். 2009இல் நோபல். துறை மாறத் துணிகிறவருக்கு இப்படி ஒரு காலம் வேண்டாமா?

பணம், வயது பற்றிய புகார் மட்டும் நியாயம். தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகை இரண்டே ஆண்டு. பொதுப்பிரிவு ஆண்களுக்கு 35 வயது வரம்பு, மற்றவர்களுக்குச் சற்றே தளர்வு. ஆய்வுக்கு வேண்டிய மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கிப் பெருக்கவே ஓராண்டு ஓடிவிடும். முதல் தலைமுறைப் பட்டதாரியோ சுற்றி வளைத்துத்தான் ஆய்வகம் சேர்கிறார். வயது கடந்துவிட்டது என்று கதவைச் சாத்துவது எந்த ஊர் நியாயம்? ஐந்தாண்டு கேளுங்கள், வயது வரம்பை எடுக்கச் சொல்லுங்கள். மனுவில் கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.