ஓடாத காரும் உட்கார்ந்து பார்க்கும் கணக்கும்



பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எஞ்சினிலும் சஸ்பென்ஷனிலும் மாற்றங்கள் செய்யப்பட்டது, இரண்டு ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது, விலையோ ஆசை காட்டுகிறது, வாங்கலாமா? இந்தக் கேள்வியோடு வருகிற வாலிபர்கள் ஒருவர் இருவர் அல்லர். கோயம்புத்தூர்ப் பகுதியில் ஊழியம் செய்கிறவனுக்கு இதில் வியப்பில்லை. செட்டிப்பாளையத்தில் கார்ப் பந்தயத் தளம் இருக்கிற ஊர் இது. தெருவுக்கொரு பட்டறை இருக்கிற ஊரும்கூட. போதகரிடம் கேட்கிற கேள்வியா என்று நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: ஒரு மனிதனுடைய ஆசையும் பணமும் குடும்பமும் உண்மையும் இப்படி ஒரே இடத்தில் வந்து கூடுகிற கேள்விகள் அதிகமில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய காரை உங்களில் பெரும்பாலோர் வாங்கக்கூடாது. ஒரு சிலர் தயங்காமல் வாங்கலாம். அந்த ஒரு சிலர் யாரென்பதுதான் நாம் சிந்திக்க வேண்டியது.

அந்த ஆசையை நான் இகழவில்லை. நான்கு கதவுகள் இருந்தாலும் அந்த ஆக்டேவியா மெய்யாகவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார்தான். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், இந்தியாவுக்கு வந்தபோது 150 குதிரைத்திறன், ஐரோப்பாவில் 180. அந்த முப்பதையும் மீட்டுவிட வேண்டும் என்ற துடிப்பில்தான் நம் பிள்ளைகள் அதன் கம்ப்யூட்டரைத் திருத்தத் தொடங்கினார்கள். இயந்திரத்தை நேசிப்பது பாவமன்று. ஜி. டி. நாயுடு வாலிப வயதில் ஓட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்தும் பூட்டியுமே தொழில் கற்றார். இந்த ஊரின் பெருமைகளுள் ஒன்று அங்கே தொடங்குகிறது. ஆனால் ‘சேர்த்த பணத்தில்’ என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பின்னர் வருகிறேன்.

ஓடாத காரை விற்கிறவர் ஏறக்குறைய எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லுவார்: “சின்ன வேலைதான்.” சின்ன வேலையாக இருந்தால் அவரே செய்து, ஓடுகிற காராக நல்ல விலைக்கு விற்றிருப்பாரே! அவர் பொய்யர் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு உண்மையிலேயே தெரியாது. ஆயினும் நீங்கள் வாங்குவது வெறும் காரை அல்ல. இன்னொருவர் தம் பணமோ பொறுமையோ தீர்ந்து நிறுத்திய ஒரு வேலையை வாங்குகிறீர்கள். அவர் எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று அறியாமல் தொடங்கினால், அதே இடத்தில் நீங்களும் நிற்பீர்கள். லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கோபுர உவமையை நாம் அறிவோம். அந்த மனிதனிடம் எதிர்பார்க்கப்படுவது முதலாவது உட்காருவது. அதன்பின் கணக்குப் பார்ப்பது. விற்கிறவரோ உங்களை உட்கார விடமாட்டார். “மாலையில் வேறொருவர் முன்பணத்தோடு வருகிறார்” என்பார். வரட்டும்.

உட்கார்ந்து பார்க்க வேண்டியவை இவை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றவில்லையென்றால் அங்கேயே எழுந்துவிடலாம். டைமிங் பெல்ட் அறுந்து நின்ற வண்டியா என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஐந்து வால்வு வீதம் 20 வால்வுகள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன்கள் போய் அவற்றை இடித்து வளைத்துவிடும். பெல்ட் முழுதாக இருப்பது உறுதியானால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் எஞ்சினைப் பிரிக்க நேரிடும். எண்ணெய் மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் படிந்திருந்தால் எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கக்கூடும். டர்போவின் அச்சு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்க்கலாம். நீண்ட நாள் நின்ற வண்டியில் பெட்ரோல் கெட்டிருக்கும், பிரேக்குகள் இறுகியிருக்கும், நம் ஊரில் எலிகள் வயர்களை விட்டுவைப்பதில்லை.

மாற்றம் செய்யப்பட்ட வண்டியில் இன்னொரு சுமையும் உண்டு. மாட்டியிருப்பவை எவை என்பதைக் காட்டிலும், கழற்றிய அசல் பாகங்கள் எங்கே என்பதே பெரிய கேள்வி. அசல் சைலன்சர், அசல் ஸ்பிரிங்குகள், கம்ப்யூட்டரின் அசல் மென்பொருள் ஆகியவை ஒரு சாக்கில் கட்டி வைக்கப்பட்டிருந்தால், அந்த மனிதர் கவனமாக வேலை செய்தவர் என்று நம்பலாம். “எங்கேயோ கிடக்கும்” என்றால், மற்ற வேலைகளும் அப்படியே நடந்திருக்கும்.

ஏன் அசலைத் தேடுகிறேன்? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சொந்தக் காருக்கு முதற்பதிவு 15 ஆண்டுகள். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2005-இல் பதிவான வண்டி 2020-லேயே அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தது. கட்டணத்தைக்கூடக் கட்டிவிடலாம், ஆனால் ஆய்வாளர் வண்டியைப் பார்த்தாக வேண்டுமே! ஓடாத காரை எப்படி அவர்முன் நிறுத்துவீர்கள்? ஆகவே ஆர்.சி. எந்த நாள்வரை செல்லும், கடன் பதிவு நீக்கப்பட்டதா, அபராதங்கள் பாக்கியா என்பதைப் பரிவாஹன் தளத்தில் பாருங்கள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றப்பட்டு அது பதிவாகாமல் இருந்தால், கார் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இங்கே உங்கள் மனச்சாட்சியையும் தொட வேண்டியிருக்கிறது. ஆய்வு நாளுக்கு மட்டும் யாரிடமாவது அசல் பாகங்களை இரவல் வாங்கிப் பூட்டி, மறுநாளே கழற்றிவிடுகிற வழக்கம் உண்டு. “எல்லாரும் செய்கிறார்கள் ஐயா” என்பீர்கள். அரசு அலுவலர்முன் ஒரு நாள் வேடமிட்ட வண்டியை ஓட்டிக்கொண்டு ஆராதனைக்கு வருவது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்த வேண்டும். விபத்து நேர்ந்தால் இதன் விளைவு இன்னும் கடுமையாகும்: அறிவிக்காத மாற்றங்களைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். அடிபட்டவன் யாருடைய பிள்ளையோ!

பேரம் பேசுவதிலும் உண்மை வேண்டும். நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம், வாங்கும்போது பொருளைப் பழித்துவிட்டு, போகும் வழியில் அதைப் பெற்றதற்காக மெச்சிக்கொள்கிற மனிதனை நன்றாகக் கண்டுபிடித்திருக்கிறது. குறை இருந்தால் காட்டுங்கள். இல்லாத குறையைச் சொல்லி விலையைக் குறைக்காதீர்கள்.

இனி அந்தச் சேர்த்த பணத்துக்கு வருகிறேன். இத்தனை பழைய, அதுவும் ஓடாத வண்டிக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது. ஆகவே கண்கள் வீட்டு பீரோவை நோக்கித் திரும்புகின்றன. மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய கார் கொட்டகையில் நிற்கும். வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. நகைக்கடனோ தனிநபர் கடனோ வாங்கித்தான் முடியும் என்றால் அந்தக் கார் உங்களுடையது அல்ல.

ஆகவே ஒரு தாளில் மூன்று தொகைகளை எழுதுங்கள்: காரின் விலை, அதை ஓட வைக்கும் செலவு, சட்டப்படி சாலைக்குக் கொண்டுவரும் செலவு. பின்னிரண்டையும் இரட்டிப்பாக்குங்கள், பிரித்தபின் தெரியவரும் குறைகளுக்கு அது வேண்டும். அந்தத் தொகை முழுவதும் போனாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் தவறாது என்றால், தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி இருந்தால், நிழலுள்ள இடமும் பொறுமையுள்ள மெக்கானிக்கும் இருந்தால், அந்தத் தாளை மனைவியிடமோ தாய் தகப்பனிடமோ நீட்டுவதற்குக் கை கூசவில்லை என்றால், வாங்குங்கள். மகிழ்ச்சியோடு வாங்குங்கள். என் ஜெபமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த மாலையிலும் வந்து எட்டிப் பார்ப்பேன்.

வாங்கினால், கயிறு கட்டி இழுத்து வராதீர்கள். சக்கரங்கள் இறுகியிருக்கும், பிரேக்கை நம்ப முடியாது. பிளாட்பெட் வண்டியில் ஏற்றி வாருங்கள். புறப்படுமுன் படிவம் 29-லும் 30-லும் விற்கிறவரின் கையொப்பத்தை வாங்கிவிடுங்கள். அவருடைய தொலைபேசி எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கார் ஓடத் தொடங்கினால், முதல் அழைப்பு அவருக்குப் போகட்டும்.