உபதேசியார்க்குக் குருப்பட்டம் மறுத்ததேன்?

கிறிஸ்து மார்க்கத்துப் போதகர் தொழிலைப் பற்றிப் பேசப் புகுவோர், அது மனிதன் தானே தேடிக்கொள்ளும் உத்தியோகமன்று, கடவுளின் அழைப்பு என்று முதலிற் கூறுவர். நன்று, அதனை மறுக்க யாம் வரவில்லை. அவ்வழைப்பு சாதி பார்த்து வருமோ என்பதே எம் கேள்வி.

தரங்கம்பாடி வரலாற்றைப் பாருங்கள். சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு அங்கு வந்திறங்கினார். 1733ஆம் ஆண்டு டிசம்பரில், கடலூர் வேளாளர் குடியிற் பிறந்த ஆரோன் என்பார் குருப்பட்டம் பெற்றார். புரொட்டஸ்டண்டு சபையிற் குருவான முதல் இந்தியர் அவரே. தமிழர் ஒருவர் அப்பீடம் ஏறியது நமக்குப் பெருமைதான். ஆயின் அக்காலத்தில் தஞ்சைச் சீமையில் இராசநாயக்கன் என்றோர் உபதேசியார் இருந்தார். பறையர் குலத்தினர், கத்தோலிக்கராய் வளர்ந்தவர், தஞ்சை அரசனின் படையிற் சேவித்தவர். தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷ நூலைப் படித்து உள்ளம் திரும்பி, படைத்தொழிலை விட்டு உபதேசத் தொழிலை மேற்கொண்டவர்.

உபதேசியார் வேலை இன்னதென்று அறியாதார்க்குச் சொல்லுவோம். ஊர் ஊராய் நடக்கவேண்டும். எழுத்தறியாதார்க்கு வாய்ப்பாடமாய்ச் சொல்லிக் கொடுக்கவேண்டும். நோயாளியின் அருகமர்ந்து செபிக்கவேண்டும். பகைத்தவர் ஏச்சைப் பொறுக்கவேண்டும். செய்தவற்றையெல்லாம் மேலோர்க்கு அறிவிக்கவேண்டும். இத்தனையும் செய்த பின்னரும், தாம் பயிற்றிய மக்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவோ இராப்போஜனம் பரிமாறவோ அவர்க்கு உரிமையில்லை. அதற்குக் குருவானவர் வரவேண்டும். தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் எம்மனோர்க்கு இக்கணக்குப் புதிதன்று. வெயிலில் நின்றவன் ஒருவன், கையொப்பமிடுபவன் மற்றொருவன்.

சுதேச குரு இன்னொருவர் வேண்டியிருந்தபோது இராசநாயக்கன் பெயரும் எழுந்தது. அவருடைய ஊக்கத்தையும் ஆற்றலையும் பாதிரிமார் நன்கறிவர். ஆயினும் 1741ஆம் ஆண்டில் பட்டம் பெற்றவர் தியோகு என்பவரே. காரணம் யாது? பறையர் கையால் இராப்போஜனம் வாங்க மேற்சாதிக் கிறிஸ்தவர் இசையார் என்ற அச்சம்! மேற்சாதிக் கிறிஸ்தவர் என்னும் சொற்றொடரை எழுதவே எம் பேனா கூசுகின்றது.

“அது காலத்தின் குற்றம், பாதிரிமார் என் செய்வர்?” என்பார் உளர். அக்காலத்தை உண்டாக்கியதில் இவர்க்குப் பங்கில்லையோ? தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்துள்ளே சாதிக்கொரு பக்கமாக மக்களை அமர்த்தியவர் யார்? இடத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிரிந்திருப்பவர் கூடி உண்ணார் என்று கலங்குவது என்ன நியாயம்? 1833ஆம் ஆண்டில் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி கூடாதென்று கட்டளையிட்டார். தஞ்சையிற் பலர் சினந்து பிரிந்தனர். பிரிந்தும் சபை அழியவில்லை.

பின்னர், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் நாடார் குடியிற் பிறந்த அசரியா 1912ஆம் ஆண்டு தோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவர். தெலுங்கு நாட்டில் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்தாரிடையேயிருந்து போதகர் பலரை எழுப்பினார். தஞ்சையில் ஆகாதென்றது தோர்ணக்கல்லில் ஆயிற்று.

“இஃதெல்லாம் பழங்கதை, மலாயாவிற்கு இதனால் என்ன?” என்றும் கேட்பர். தரங்கம்பாடி மரபினர் கப்பலேறி வந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆலயம் எடுத்திருக்கின்றனர். கப்பலில் வந்தது வேதப்புத்தகம் மட்டுமோ? ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்திற் பருகியவர்கள், திங்கட்கிழமை பெண் பேசும்பொழுது, “எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?” என்று வினவுவதை யாம் காதாரக் கேட்டிருக்கின்றோம். அத்தகைய மணத்தையும் ஆசீர்வதிக்கும் போதகர் வாய் திறவார். அவரை மட்டும் பழித்தல் நீதியன்று. அவர் வீட்டு அடுப்பு எரிவது அக்குடும்பங்களின் காணிக்கையால். ஆனால் அழைத்தவர் கடவுளென்று பீடத்திற் சொல்லிவிட்டு, படியளப்பவர் முகம் பார்த்து நடத்தல் எந்த அழைப்பைச் சேர்ந்தது?

இராசநாயக்கன் ஏறக்குறைய நாற்பது ஆண்டு உழைத்து, 1771ஆம் ஆண்டில் உபதேசியாராகவே மாண்டார். ஆரோன் பட்டம் பெற்ற நாளைப் போற்றும் சபையார், பட்டம் பெறாத இவரை எந்த நாளில் நினைப்பர்? குருப்பட்டத்திற்கு இளைஞரைத் தெரிந்தெடுக்கும் பெரியோர்கள் இப்பத்திரிகை வாயிலாகவே விடை கூறட்டும்.