சாப்பாட்டு வரிசையில தனியா நிக்கிற பிள்ளை



வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு டோக்கன் வைக்கணும்னு நம்ம கோயில் வாட்சப் குழுவுல ரெண்டு நாளா பேச்சு ஓடுது. பக்கத்து பிளாட் பிள்ளைங்க நாலு பேர் ரெண்டு தடவ வரிசையில வந்து பொட்டலம் வாங்கிட்டுப் போறாங்களாம். "வளர்ப்பு சரியில்ல"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பரிமாறுற இடத்துல வாராவாரம் நிக்கிறவன்ங்கிற முறையில சொல்றேன், டோக்கன் வேண்டாம். பத்தலன்னா இன்னும் 5 கிலோ அரிசி போடுவோம்.

பத்து வயசுப் பிள்ளை தனியா வருது. தலை நிமிராம வேக வேகமா சாப்பிடுது. தம்பிக்குன்னு ஒரு பொட்டலத்த ஸ்கூல் பைக்குள்ள வைக்குது. இது பேராசையா? எந்தக் கோயில்ல எந்தக் கிழமை அன்னதானம்னு அந்தப் பிள்ளைக்கு மனப்பாடமாத் தெரியுது. அப்படின்னா அந்த வீட்டுல அடுப்பு எரியுதான்னு நாமதான் யோசிக்கணும்.

பள்ளி லீவுல கவனிச்சிருக்கீங்களா? வரிசை நீளமாயிடும். ஆரம்பப் பள்ளியில வசதி குறைஞ்ச பிள்ளைங்களுக்கு ஆர்.எம்.டி. சாப்பாடு உண்டு, ஆனா அது பள்ளி நடக்குற நாளுக்குத்தான். படிவம் ஒன்னுக்குப் போனா அதுவும் கிடையாது. கோலாலம்பூர் மலிவு விலை அடுக்குமாடிகள்ல செஞ்ச ஆய்வ 2018-ல யுனிசெஃப் வெளியிட்டது. பத்துல ஒரு பிள்ளைக்கு மேல ஒரு நாளைக்கு மூணு வேளை சாப்பாடு இல்ல. 5 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள்ல 22 விழுக்காடு வயசுக்கேத்த வளர்த்தி இல்லாம இருந்தாங்க. ரெட்டைக் கோபுரம் நிக்கிற ஊர்லதான் இது.

அதுக்காக எல்லாப் பெத்தவங்களையும் திட்டக் கூடாது. எங்க தொழிற்சாலையில ராத்திரி 7-ல இருந்து காலை 7 வரைக்கும் ஷிப்ட் செய்யற அம்மாக்கள் இருக்காங்க. அவங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளை வெறும் வயித்தோட பள்ளிக்குப் போயிருக்கும். அது அலட்சியம் இல்ல, கஷ்டம். அந்த அம்மாவுக்கு வேண்டியது ஜே.கே.எம். உதவித்தொகை பாரம் எழுதிக் கொடுக்க ஒரு ஆள். நம்மள்ல படிச்சவங்க செய்யலாமே.

இன்னொரு வகை வீடு இருக்கு. வாசல்ல புது மோட்டார். நாலு நம்பருக்கும் சம்சுக்கும் காசு இருக்கும், பிள்ளை கையில விலை உயர்ந்த போன் கூட இருக்கும். சாப்பிட்டியான்னு கேட்க மட்டும் ஆள் இல்ல. இதுக்குப் பேருதான் அலட்சியம். வேணும்னே சாப்பாடு, உடுப்பு, இருக்க இடம் சரியாக் கொடுக்காம விட்டா, அது பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளைன்னு 2001 குழந்தைகள் சட்டமே சொல்லுது. 'குடும்ப விவகாரம், நமக்கெதுக்கு'ன்னு சொல்றவங்க இதக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

ரெண்டுல எதுன்னு வரிசையில வச்சுத் தெரிஞ்சுக்க முடியாது. "அப்பா குடிப்பாரா?"ன்னு நாலு பேர் முன்னாடி கேட்டா அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராது. பசி மட்டும் போகாது. முதல்ல சாப்பிடட்டும். மூணாவது நாலாவது வாரமும் தனியா வந்தா, ஒரு பெண் தொண்டர் பக்கத்துல உட்கார்ந்து, "இன்னிக்கு வீட்டுல யாரு சமைச்சாங்க?"ன்னு சாதாரணமா கேட்கட்டும். பதில்லயே பாதி தெரிஞ்சிடும். அப்புறம் தலைவர்கிட்ட சொல்லி வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். உடம்புல காயம் இருந்தாலோ, வீட்டுக்குப் போகப் பயந்தாலோ காத்திருக்காதீங்க. தாலியான் காசே 15999, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

இன்னொன்னு. பிள்ளைங்க சாப்பிடறத போட்டோ எடுத்து ஃபேஸ்புக்ல போடாதீங்க. அந்தப் பிள்ளையோட வகுப்புப் பசங்களும் அதப் பார்ப்பாங்க.

டோக்கன் வேணும்னு நினைக்கிறவங்க வெள்ளிக்கிழமை ஒரு தடவ என் பக்கத்துல நின்னு பரிமாறிட்டு அப்புறம் பேசுங்க. கூடவே ரெண்டு பெண் தொண்டர்களும் தேவைப்படுறாங்க. சாயங்காலம் 6 மணிக்கெல்லாம் மடப்பள்ளிக்கு வந்துடுங்க.