கஞ்சாவுக்கும் ஒரு கடை திறக்கவா?

"கஞ்சாவைத் தடை செய்து என்ன பயன்? சட்டப்படி அனுமதித்து, வரி போட்டு, அரசே கட்டுப்படுத்தினால் கள்ளச் சந்தை ஒழியும். அரசுக்கும் வருமானம் வரும்!"

இப்படி ஒரு குரல் நம் நாட்டில் எழுந்து வருகிறது. 2017-ல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாம் என்று யோசனை சொன்னார். 2019-ல் கஞ்சா மீதான தடையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கே போடப்பட்டது. மருந்து வேறு, போதை வேறு. மருத்துவரின் சீட்டோடு நோயாளிக்குப் போகும் மருந்தைப் பற்றி நமக்குத் தகராறு இல்லை. போதைக்காகக் கடை திறக்கச் சொல்வோருக்குத்தான் இந்தப் பதில்.

போதை தருவது எதுவானாலும் விலக்கப்பட்டதே என்பது நமது மார்க்கத்தின் தீர்ப்பு. அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக் கொண்டால், உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நம்மோடு நிற்கும் மாற்று மதச் சகோதரருக்கு அது பதிலாகுமா? எனவே நாட்டு நடப்பை வைத்தே பேசுவோம்.

சகோதரர்களே! இவர்கள் கேட்கும் சோதனை தமிழ்நாட்டில் ஏற்கெனவே நடந்தாகி விட்டது. கஞ்சாவை வைத்தல்ல, மதுவை வைத்து!

1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்த மதுவிலக்கை, 1971-ல் கலைஞர் அரசு தளர்த்தியது. 1974-ல் அதே அரசு கடைகளை மூடியது. 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் அதன் கையில் கொடுத்தது. முதலில் அனுமதி, அடுத்து வரி, கடைசியில் அரசே கடைக்காரர்! இன்று நிலை என்ன? 2023-24-ஆம் ஆண்டில் மது மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். ஆனால் அந்த ஆண்டின் வருவாய் முந்தைய ஆண்டை விடக் கூடுதல்!

சரி, கள்ளச்சாராயமாவது ஒழிந்ததா? 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும், நமக்குப் பக்கத்தில் உள்ள மதுராந்தகம் பகுதியிலும் விஷச் சாராயத்துக்கு 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அரசுக் கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் இத்தனை மரணங்களும்! காரணம் எளிது. வரி ஏற ஏறக் கடைச் சரக்கின் விலை ஏறும். காசில்லாத கூலித் தொழிலாளி மலிவான பாக்கெட்டைத் தேடிப் போவான். கள்ள வியாபாரிக்கு அதுவே லாபம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2018 முதல் கஞ்சா கடையில் விற்கப்படுகிறது. வரி கட்டாத கள்ளச் சந்தையும் அங்கே கூடவே நடக்கிறது.

"அனுமதித்தால் உபயோகம் கூடாது" என்கிறார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகம் எய்ம்ஸ் மூலம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மது அருந்துவோர் சுமார் 16 கோடிப் பேர். வட மாநிலங்கள் சிலவற்றில் உரிமம் பெற்ற கடையிலேயே கிடைக்கும் பாங்கு உபயோகிப்போர் சுமார் 2.2 கோடி. தடை செய்யப்பட்ட கஞ்சா, சரஸ் உபயோகிப்போர் சுமார் 1.3 கோடி. கடை எங்கே இருக்கிறதோ அங்கே கூட்டம் இருக்கிறது என்பதைத்தானே இந்தக் கணக்கு காட்டுகிறது?

தாய்லாந்தும் நமக்கொரு பாடம். 2022 ஜூனில் போதைப் பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அதே நாடு உத்தரவு போட்டது. திறந்த நாடே மூன்று ஆண்டுகளில் கதவைச் சாத்த ஓடி வந்தது!

"வெள்ளைக்காரனே கஞ்சாவை ஆராய்ந்து, அளவோடு எடுத்தால் பெரிய தீங்கில்லை என்று சொல்லி விட்டான்" என்று 1893-94-ஆம் ஆண்டு ஆணையத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆணையத்தை அமைத்தது யார்? கஞ்சாவுக்கும் அபினுக்கும் வரி வசூலித்துக் கஜானாவை நிரப்பிய அதே அரசு! வருமானம் பார்ப்பவர் சொல்லும் தீர்ப்பை எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஏற்கும்?

"மதுவை விடக் கஞ்சா தீங்கு குறைந்தது" என்பது இன்னொரு வாதம். அப்படியே வைத்துக் கொள்வோம். அது மதுக்கடையை மூடுவதற்கான காரணமா, பக்கத்தில் இன்னொரு கடை திறப்பதற்கான காரணமா? வளரும் வயதில் கஞ்சா புகைப்பது ஞாபக சக்தியையும் படிப்பையும் பாதிக்கிறது, மனச்சிதைவு நோயின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று மருத்துவ உலகம் எச்சரிக்கிறது. போதை வியாபாரத்தில் பணம் வருவது எப்போதோ வாங்குபவனிடமிருந்து அல்ல, தினமும் வாங்குபவனிடமிருந்து. அவன் மீண்டு விட்டால் வியாபாரம் படுத்து விடும். அந்த வியாபாரத்தை அரசே நடத்தினால், அவனை மீட்கும் அக்கறை அரசுக்கு எங்கிருந்து வரும்?

அதற்காக இன்றைய நிலை சரி என்று நாம் சொல்லவில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடைச் சட்டம் இருக்கிறது. குண்டர் சட்டம் இருக்கிறது. 2022-ல் 'கஞ்சா வேட்டை' என்று காவல்துறை தொடர் சோதனையும் நடத்தியது. ஆனால் பெரும்பாலும் மாட்டுவது யார்? ஒரு பொட்டலம் வைத்திருந்த கூலிக்காரர் மகன்! ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்குகிறவனின் முதலாளி எத்தனை முறை சிக்குகிறான்? பொட்டலத்தோடு பிடிபட்ட பையனுக்கோ போலீஸ் நற்சான்று கிடைக்காது. ஒரகடம் கம்பெனி வேலையும் சிக்கல், வளைகுடாப் பயணமும் சிக்கல். சிறையில் அவனுக்குக் கிடைப்பது பெரிய வியாபாரியின் சகவாசம். தண்டித்ததாக நினைக்கிறோம், அவனுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து அனுப்புகிறோம்.

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? போதைக்கு அடிமையானவர் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உபயோகித்த குற்றத்துக்கோ ஆளாகித் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், அவர் மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால்தான் அந்தச் சலுகை பறிபோகும். இந்தப் பிரிவை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

நமது ஊர்க் கல்வெட்டைப் பாருங்கள். வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்துக்கு யார் வரக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. மாபாதகம் செய்தவருக்கு அங்கே இடமில்லை. மது அருந்துவதும் அந்தப் பாதகங்களில் ஒன்று. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை. எல்லாச் சாதியாருக்கும் இடம் தந்த சபை அல்ல அது. ஆனாலும் கணக்குக் கேட்கும் அந்த வழக்கத்தை நாம் எடுத்துக் கொள்ளலாம்.

ஆட்சியாளர்களே! மதுவில் 45 ஆயிரம் கோடி வாங்கினீர்கள். போதையிலிருந்து மக்களை மீட்க எத்தனை கோடி செலவழித்தீர்கள்? எத்தனை தாலுகா மருத்துவமனைகளில் மீட்புப் பிரிவு நடக்கிறது? இந்தக் கணக்கைக் காட்டாமல் புதிய கடைக்கு அனுமதி என்ற பேச்சே எழக்கூடாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பெற்றோர்களே! மகன் புகைக்கிறான் என்று தெரிந்ததும் மானம் போய் விடும் என்று மூடி மறைக்காதீர்கள். அடித்து வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். துரத்தப்பட்டவனை அரவணைக்கக் காத்திருப்பவன் பொட்டலம் விற்பவன்தான். 14446 என்ற இலவசத் தொலைபேசி எண் போதை மீட்பு ஆலோசனைக்காகவே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை இருக்கிறது. தனியாக அனுப்பாதீர்கள், கூடவே போங்கள். விற்பவனைக் காவல்துறையிடம் சொல்லுங்கள், விழுந்தவனை மருத்துவரிடம் சேருங்கள்.