முட்டை சும்மா இருப்பதில்லை

திருவள்ளூர் மாவட்டத்தின் சொந்தச் செம்மறி, மெட்ராஸ் ரெட் என்கிற சென்னைச் சிவப்பு. பெரும்பாலும் ஈத்துக்கு ஒரே குட்டிதான். வங்காளத்து சுந்தரவனப் பக்கத்துக் கரோல் ஆடு உருவத்தில் பொடிசு, ஆனால் இரண்டு மூன்று குட்டி போடுவது அதற்குச் சர்வசாதாரணம். ஏன் இந்த வித்தியாசம்? பள்ளிக்கூடப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பாடம் சொல்லும் கதை இதுதான்: பிட்யூட்டரி கட்டளையிடும், சினைப்பை ஹார்மோன் சுரக்கும், அந்தத் தயவில் முட்டை வளரும். மாப்பிள்ளை வீட்டார் வரும்வரை உள்ளறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மணப்பெண் மாதிரி! (இப்போது மணப்பெண்ணே அப்படி உட்காருவதில்லை.)

1970-ல் முயலை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முட்டை வளரும் சிறு பையான ஃபாலிக்கிளிலிருந்து முட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான், முட்டை வெளியேறிய பிறகு நடக்கவேண்டிய மாற்றம் உடனே ஆரம்பித்துவிட்டது. சுற்றியிருந்த கிரானுலோசா செல்கள் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் செல்களாக மாறத் தொடங்கின. அதுவரை அவற்றை அடக்கி வைத்திருந்தது முட்டைதான். எப்படி என்பது பிறகு தெரிந்தது. ஜி.டி.எஃப்.-9, பி.எம்.பி.-15 என்று இரண்டு புரதங்களை முட்டையே சுரந்து அனுப்புகிறது. இதில் பி.எம்.பி.-15, பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.ஹெச். கட்டளை அந்தச் செல்களில் எவ்வளவு தூரம் எடுபடலாம் என்பதையே குறைத்து வைக்கிறது.

நியூசிலாந்தின் இன்வர்டேல் ஆடுகளில் பி.எம்.பி.-15 மரபணு கெட்டிருப்பது 2000-ல் தெரியவந்தது. ஒரு பிரதி கெட்டால் ஒரே சமயத்தில் முட்டைகள் அதிகம் வெளியாகின்றன, இரட்டைக் குட்டிகள் கூடுகின்றன. இரண்டும் கெட்டால் ஆடு மலடு! இத்தனைக்கும் பிறகு, வழக்கமான பாடப்படத்தில் முட்டையிலிருந்து ஒரு அம்புக்குறிகூடக் கிளம்புவதில்லை. அதை வரைய இடமில்லையா, மனமில்லையா?

கரோலின் ரகசியமும் இதே இடத்தில்தான். அங்கே மாறியிருப்பது அனுப்பும் செய்தியல்ல, அதைக் கேட்கும் காது. அதாவது இந்தக் குடும்பத்துப் புரதங்களை வாங்கிக்கொள்ளும் ஏற்பி. அதனால் ஃபாலிக்கிள்கள் சிறிதாக இருக்கும்போதே, பல சேர்ந்தாற்போல் முதிர்கின்றன. மகாராஷ்டிரத்தின் பல்டனில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மரபணுவைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து 'நாரி சுவர்ணா' என்ற ஆட்டை உருவாக்கியது.

சென்னைச் சிவப்பிலும் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம்தான். ஆனால் இரண்டு குட்டிக்குப் பால் வேண்டும், பாலுக்குத் தாய்க்குத் தீவனம் வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் மதில்களுக்கு நடுவே மேயும் ஆட்டுக்கு அது எங்கிருந்து வரும்? வெளியூர்க் கிடா வாங்குவதற்கு முன்னால், கோடையில் அந்த மந்தை எதைத் தின்னப்போகிறது என்பதை யாராவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.