மரத்தின் மேல் பழி போடாதீர்கள்!

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மரப்பட்டறைகளில் கதவுக்குப் பூ வெட்ட சிஎன்சி ரவுட்டர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அடுத்த ஆசை நாலாவது அச்சு, அதாவது ரோட்டரி. கட்டையைச் சுழலவிட்டு ஊஞ்சல் கால், கட்டில் கால், தூண் என்று எதையும் செதுக்கலாமே!

வாங்கிப் போட்ட பிறகுதான் தலைவலி. தூணின் ஒல்லியான கழுத்தில் மரம் கருகுகிறது. தடித்த இடத்தில் பிட் உடைகிறது. உடனே தீர்ப்பும் ரெடி: "மரம் சரியில்லை", "சைனா மெஷின் அப்படித்தான்", "என்ன இருந்தாலும் கைவேலை மாதிரி வருமா?"

பெரும்பாலும் மூன்றுமே சாக்கு. உண்மையான குற்றவாளி ப்ரோகிராமில் இருக்கும் எஃப் என்கிற ஒரே ஓர் எண்.

எக்ஸ் அச்சில் எஃப்1000 என்றால் நிமிடத்துக்கு 1000 மில்லிமீட்டர். ரோட்டரி மட்டும் சுழலும்போது அதே எஃப்1000 பல கன்ட்ரோலர்களில் நிமிடத்துக்கு 1000 டிகிரி! டிகிரிக்கு ஏது நீளம்? 100 மிமீ விட்டமுள்ள இடத்தில் அது நிமிடத்துக்கு சுமார் 873 மிமீ. 30 மிமீ கழுத்தில் வெறும் 262. ஸ்பிண்டில் 18,000 சுற்றில் ஓடுகிறது, பிட்டுக்கு இரண்டு பற்கள் என்றால், கழுத்தில் ஒரு பல் எடுக்கும் சீவல் 0.007 மிமீ. அது வெட்டு இல்லை, உரசல். உரசினால் சூடு, சூடேறினால் கருகல். மரம் என்ன பாவம் செய்தது?

இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் இன்னும் வேடிக்கை: "ஃபீடைக் குறைங்க!" குறைத்தால் கழுத்து இன்னும் கருகும். சரி, கழுத்துக்காக ஏற்றினால்? அங்கே 1000 மிமீ கிடைக்கும்போது தடித்த இடத்தில் 3300-ஐத் தாண்டும். பிட் போச்சு.

நேர் அச்சும் ரோட்டரியும் சேர்ந்து நகர்ந்தால் கதை வேறு. லினக்ஸ் சிஎன்சி அப்போது எஃப்-ஐ நேர் அச்சுகளுக்கு மட்டும்தான் கணக்கில் எடுக்கும். எக்ஸ் 0.1 மிமீ, ரோட்டரி 10 டிகிரி என்று ஒரு வரி, அதில் எஃப்1000. அந்த 10 டிகிரியை 0.006 விநாடியில் முடிக்கச் சொல்கிறோம்! நடக்காது, ரோட்டரி தன் உச்ச வேகத்தில் பாயும். மேக்3-இல் சுழலும் கட்டையின் ஆரத்தைக் கொடுக்க இடம் உண்டு. ஆனால் அது ஒரே எண். உருளைக்குச் சரி, தூணுக்கு?

மருந்து இருக்கிறது: ஜி93. இதில் எஃப் என்பது வேகம் அல்ல. அந்த வரியை முடிக்க ஆகும் நிமிடத்தின் தலைகீழ். 10 டிகிரி நகர்வு 100 மிமீ விட்டத்தில் 8.73 மிமீ, 1000 மிமீ வேகம் வேண்டுமென்றால் எஃப்114.5. 30 மிமீ விட்டத்தில் எஃப்382. கழுத்திலும் தடிப்பிலும் பிட் ஒரே வேகத்தில் நகரும். ஒவ்வொரு வரியிலும் எஃப் எழுதியே ஆக வேண்டும், கன்ட்ரோலரும் ஜி93-ஐ ஏற்க வேண்டும். விலை பேசும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

"அதெல்லாம் கேம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். பார்த்துக்கொள்ளும், போஸ்ட் ப்ராசஸர் சரியாக இருந்தால். மூன்று அச்சு போஸ்ட்டை ஒட்டுப்போட்டு ஓட்டினால் அதுவும் கைவிரிக்கும்.

கோபம் பட்டறைக்காரர் மேல் வரக்கூடாது, பாடத்தின் மேல் வர வேண்டும். லேத்தில் விட்டம் மாறினாலும் மேற்பரப்பு வேகம் மாறாமல் காக்கும் ஜி96-ஐ மாணவர்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். அங்கே காப்பது வெட்டு வேகம், இங்கே ஃபீட்; ஆனால் விட்டம் மாறினால் கணக்கு மாறும் என்ற பாடம் ஒன்றுதான். அதை ரவுட்டருக்குக் கொண்டுவந்து பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. கடைசல் ஆசாரிக்கு இது கையிலேயே இருக்கிறது. ஒல்லியான இடத்தில் உளியை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு எந்த ஜி கோடும் சொல்ல வேண்டியதில்லை.

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையை நினைத்துப் பாருங்கள். பலாமரம், பருத்த குடம், ஒல்லியான தண்டி, வளைந்த யாளி முகம். இப்படி ஓர் உருவத்தை ஒரே எஃப்-ஐ வைத்துச் சுழற்றிச் செதுக்கப் போகிறவர், வீணாக்கப்போவது ஒரு பலாமரத்தை. கைவேலையா மெஷினா என்ற பட்டிமன்றம் அப்புறம் நடக்கட்டும். முதலில் மெஷினுக்குச் சரியான எண்ணைக் கொடுங்கள்!