மொட்டை மாடியில் சோலார் போடலாமா? முதலில் பழைய கரண்ட் பில்லை எடுங்க!

“சோலார் போட்டா இனி கரண்ட் பில்லே வராது சார். கவர்மென்ட்டே 78,000 ரூபா தருது. நம்ம ஆளு நாளைக்கு வந்து மாடியைப் பார்த்துட்டுப் போகட்டுமா?”

சொந்த வீடு வைத்திருக்கும் பலருக்கும் இந்த போன் ஒரு தடவையாவது வந்திருக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ‘பிரதமரின் சூர்ய கர்’ திட்டத்தை அறிவித்த பிறகு சோலார் விற்பனை தெருத்தெருவாக நடக்கிறது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 1 கோடி வீடுகள் இலக்கு, “மாதம் 300 யூனிட் வரை இலவச மின்சாரம்” என்ற விளம்பரம். கேட்கவே நன்றாக இருக்கிறது.

திட்டம் ஏமாற்று இல்லை. ஆனால், அந்த 300 யூனிட்டை யாரும் உங்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்போவதில்லை. நீங்கள் காசு போட்டு வாங்கும் பேனல் தயாரிக்கும் மின்சாரம்தான் அது. அதைவிட முக்கியமாக, எல்லா மாநிலத்துக்கும் சேர்த்து எழுதிய விளம்பரம் தமிழ்நாட்டு மின்கட்டணத்துக்கு அப்படியே பொருந்தாது. இங்கே எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் ஏற்கெனவே இலவசம். அதற்கடுத்த யூனிட்டுகளும் மலிவு. அதனால் ‘சோலார் நல்லதா, கெட்டதா?’ என்று கேட்பதில் பயனில்லை. உங்கள் பில்லில் எந்த யூனிட்டை அது குறைக்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

501-வது யூனிட்டின் விலை என்ன?

2024 ஜூலையில் திருத்தப்பட்ட வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30. மொத்தம் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய்.

ஒரே ஒரு யூனிட் தாண்டினால் பட்டியலே மாறிவிடும். அப்போதும் முதல் 100 இலவசம்தான். ஆனால் 101-லிருந்து 400 வரை ரூ.4.80, அடுத்த நூறு ரூ.6.45, அதற்கடுத்த நூறு ரூ.8.55. 600-ஐத் தாண்டினால் ரூ.9.65, 800-ஐத் தாண்டினால் ரூ.10.70, 1,000-க்கு மேல் ரூ.11.80. அதன்படி 501 யூனிட்டுக்கு பில் 2,093 ரூபாய் சொச்சம். அதாவது, அந்த 501-வது யூனிட்டின் விலை கிட்டத்தட்ட 288 ரூபாய்! ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டில் ஏன் சண்டை வருகிறது என்பது இப்போது புரியும்.

சோலார் உங்கள் பில்லை மேலிருந்து கீழாகத்தான் வெட்டும். முதலில் போவது விலை அதிகமான யூனிட். கடைசியில் போவது 2 ரூபாய் 35 காசு யூனிட்.

மூன்று வீடு, மூன்று கணக்கு

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். மத்திய அரசு மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000 ரூபாய்தான். பேனல், இன்வெர்ட்டர், வேலை எல்லாம் சேர்த்து 1 கிலோவாட் 75,000, 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 2,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கும் பிராண்டுக்கும் தகுந்து இது ஏறும், இறங்கும். பராமரிப்புச் செலவையும் மின்வாரியத்தின் நெட்வொர்க் கட்டணத்தையும் இதில் சேர்க்கவில்லை.

முதல் வீடு: ஏசி இல்லை. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட். பில் 705 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் மீதி 60 யூனிட், பில் பூஜ்யம். ஆனால் வருஷத்துக்கு மிச்சமாவது 4,230 ரூபாய்தான். கையிலிருந்து போட்ட 45,000 ரூபாய் திரும்பி வர பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரையே மாற்ற வேண்டி வரலாம். அந்தப் பணத்தை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால் வருஷத்துக்கு 3,150 ரூபாய் வட்டி, அசலும் பத்திரமாக இருந்திருக்கும். இந்த வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

இரண்டாவது வீடு: ஒரு ஏசி. 520 யூனிட், பில் 2,256 ரூபாய். அதே 1 கிலோவாட்தான். ஆனால் பயன்பாடு 280 யூனிட்டாகக் குறைந்து, பில் 611 ரூபாய்க்கு வந்துவிடும். வருஷத்துக்கு 9,870 ரூபாய் மிச்சம். நாலரை வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும். முதல் வீட்டில் போட்ட அதே பேனல், அதே வெயில். மாறியது கட்டணப் படிநிலை மட்டும்தான்.

மூன்றாவது வீடு: இரண்டு ஏசி, வாட்டர் ஹீட்டர். 800 யூனிட், பில் 4,870 ரூபாய். 2 கிலோவாட் போட்டால் பில் 799 ரூபாயாகும். வருஷத்துக்கு 24,400 ரூபாய்க்கு மேல் மிச்சம். மானியம் போக 80,000 ரூபாய் முதலீடு, மூன்றேகால் வருஷத்தில் திரும்பிவிடும். யோசிக்காமல் போடலாம்.

விற்பனையாளர் இங்கேதான் “3 கிலோவாட்டாகவே போட்டுடுங்க, பில் ஜீரோ ஆயிடும்” என்பார். ஆமாம், ஆகும். ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 42,000 ரூபாய். அது மிச்சப்படுத்துவது மீதமிருக்கும் அந்த 799 ரூபாயை மட்டும்தான். வருஷத்துக்கு 4,794 ரூபாய். அது மட்டும் திரும்பி வர கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். ‘ஜீரோ பில்’ என்ற ஆசைதான் இந்த வியாபாரத்தில் விலை அதிகமான பொருள். அடுத்த வருஷம் மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போறீங்க, இன்னொரு ஏசி மாட்டப்போறீங்க என்றால் 3 கிலோவாட் சரி. இல்லையென்றால் பில் கொஞ்சம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

ஒரே ஒரு பில்லை வைத்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. மே மாத பில் ஒன்று சொல்லும், டிசம்பர் பில் வேறொன்று சொல்லும். ஒரு வருஷத்தின் ஆறு பில்லையும் மின்வாரிய இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

பலரும் பேனலை மாட்டிய பிறகே தெரிந்துகொள்ளும் விஷயம் இது. மானியத்தோடு பெரும்பாலும் போடப்படும் ஆன்-கிரிட் அமைப்பில் பேட்டரி கிடையாது. பகலில் தயாராகி மீந்த மின்சாரம் மின்வாரிய லைனுக்குப் போகும், இரவில் லைனிலிருந்து நீங்கள் எடுப்பீர்கள். இருவழி மீட்டர் இரண்டையும் கழித்துக் கணக்குப் போடும். மீந்த யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும். லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஊழியரின் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. ஆக, உச்சி வெயிலிலும் உங்கள் வீட்டு ஃபேன் ஓடாது. பவர்கட்டுக்காகத்தான் சோலார் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் அமைப்பு வேண்டும். செலவு எகிறும், மேலே போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும்.

மாடி ஒத்துழைக்குமா?

1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். இதில் ‘நிழலில்லாத’ என்பதுதான் கஷ்டம். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாம் வில்லன்கள். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல்கூட அந்த வரிசை முழுவதையும் பாதிக்கலாம். காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு மாடியில் போட்டோ எடுத்து வையுங்கள். பேனல் தெற்குப் பார்த்து லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். பக்கத்து காலி மனையில் யாராவது மூன்று மாடி எழுப்பினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பேனல் 25 வருஷம் உழைக்கும், காலி மனை அவ்வளவு நாள் காலியாக இருக்காது.

கடலோர மாவட்டம் என்றால் ஸ்டாண்டில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 2016-ல் வர்தா, 2018-ல் கஜா வந்த ஊர்கள் இவை. துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், தளத்தோடு சரியான பிடிமானம், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். உப்புக்காற்று துருப்பிடித்த போல்ட்டைச் சும்மா விடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடி எல்லோருக்கும் பொது. சங்கமாகச் சேர்ந்து லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

யாருக்கான மானியம்?

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டு மாடி சோலாரில் குஜராத், மகாராஷ்டிரா, கேரளா நம்மைவிட முன்னே இருக்கின்றன. ‘தமிழர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று இதற்குச் சுலபமாகக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். 705 ரூபாய் பில் கட்டுகிற குடும்பம் 45,000 ரூபாய் போடத் தயங்குவது விழிப்புணர்வுக் குறைவா? அவர்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இப்போதைய அமைப்பில் மானியத்தால் நிஜமாகவே லாபம் அடைபவர்கள் சொந்த மாடியும் இரண்டு ஏசியும் உள்ளவர்கள். அவர்கள் போடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஓய்வூதியப் பணத்தை எடுத்து, 250 யூனிட் ஓடும் வீட்டில் 3 கிலோவாட் மாட்டிக்கொள்ளும் பெரியவருக்கு அந்த விளம்பரம் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. ‘இரண்டு மாதத்துக்கு 400 யூனிட்டுக்குக் கீழே என்றால் அவசரப்பட வேண்டாம்’ என்று மின்வாரியமே பில்லின் கீழே ஒரு வரி அச்சிடலாம். சோலார் விற்பனைக்கு அது கெடுதல் என்றால், அப்படி விற்க வேண்டிய அவசியம் என்ன?

கையெழுத்துக்கு முன்னால்

மானியத்துக்கு சூர்ய கர் தேசிய இணையதளத்தில் பதிவு செய்து, அங்கே பட்டியலில் இருக்கும் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். பேனல் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல் பொருத்திய பேனல் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் மானியம் கிடையாது. வேலை முடிந்து மீட்டர் மாட்டிய பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்; அதுவரை முழுத் தொகையையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப சாத்தியக்கூறு ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சூரிய மின் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. கொட்டேஷனில் பழைய வரி இருந்தால் கேளுங்கள்.

இன்னொன்று. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம்ம ஊரில் பாதி வீட்டு இணைப்பு இன்னும் காலமான அப்பா, தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இணைப்பும் ஒரே பெயரில் இல்லையென்றால் மானியம் சிக்கலாகும். வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் சோலார்காரருக்கு போன் போடுங்க.